வீரமணிக்குக் கைவலி என்பது சுத்தப் பொய்

பெரம்பலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பாலாஜி அவர்களுக்கு, மாமனார் அங்கமுத்து ஆசியுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம், ஆனால் ஒருவரை ஒருவர் நம்புவதாக இல்லை. அங்கே நீங்களும் சுகன்யாவும் பேத்தி மஞ்சுவும் நலந்தானே? டைப் அடித்தால் கம்ப்யூட்டர் படித்துவிடும் என்று கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீங்கள் அமெரிக்காவில் நண்பர்களோடு நடத்தும் அந்தக் கம்ப்யூட்டர் பேஸ்பால் லீகில் எனக்கு ஓர் அணியும், அரியலூரிலிருக்கும் உங்கள் அப்பாவுக்கு ஓர் அணியும் கொடுத்தீர்கள். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும், எந்த நாள் எந்தப் பிட்சர் பந்து வீசுவது என்று டூட்டி போட்டால் போதும் என்றீர்கள். முப்பத்தொரு வருஷம் பஸ் கம்பெனியில் டிரைவர்களுக்கு டூட்டி போட்டவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. சித்திரையில் மஞ்சு ஊருக்கு வருவது மூன்றே வாரம். அதில் முதல் பதினைந்து நாள் ஜெயித்தவர் வீட்டில் என்று சம்பந்தியும் நானும் கை கொடுத்துக்கொண்டோம். நாளை எங்களுக்குள் கடைசி ஆட்டம்.

வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நுழையாததால் ஐந்து பிட்சருக்கும் எங்கள் பழைய டிரைவர்கள் பெயரையே வைத்தேன். அங்கேதான் வந்தது வினை. ஒரே ஆட்டம் ஆடிவிட்டு, வீரமணி பெயருக்கு நேரே 'கைவலி, நான்கு நாள் ஓய்வு தேவை' என்று சிவப்பாக எரிகிறது. எனக்கா தெரியாது வீரமணியை? இடுப்பு வலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருமழபாடியில் மச்சினன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவனாச்சே! "ஏன்டா, யார்கிட்ட கத வுடுற?" என்று அடுத்தடுத்து மூன்று நாள் அவனையே இறக்கினேன். பதினான்கு ரன் கொடுத்தான் மாப்பிள்ளை, வேண்டுமென்றே. சரியென்று அன்பழகனை அனுப்பினால் அவனையும் சம்பந்தி ஆட்கள் வெளுத்துவிட்டார்கள். என் டூட்டிப் பட்டியல் எனக்கும் உங்கள் அத்தைக்கும் மட்டுந்தான் தெரியும். அவள் தினமும் அரை மணி நேரம் உங்கள் அம்மாவோடு போனில். என்னடி பேசுறேன்னு கேட்டா, "முருங்கக்கீர பொரியலு"ங்குறா. ஒரு கீரைக்கா அரை மணி நேரம்? உங்கள் அப்பா, சொல்லக் கூடாது, ஆனா நான் யாரை இறக்கினாலும் அதுக்குத் தோதா ஆளை ரெடியா வச்சிருக்காரு மனுசன். எப்படின்னு கேட்டா, "அதெல்லாம் தானா நடக்குதுங்க சம்பந்தி"ன்னு சிரிக்கிறாரு. தானா நடக்குமா? லீகை நடத்துகிறவர் என்ற முறையில் உங்கள் அத்தையையும் அப்பாவையும் தனித்தனியாக விசாரிக்கவும்.

பூலாம்பாடிக் குலசாமி உங்கள் மூவரையும் காக்கட்டும். உங்கள் அப்பாவையும் காக்கட்டும், நாளை ஆட்டம் முடிந்த பிறகு.

இப்படிக்கு,
மாமனார் அங்கமுத்து

பின்குறிப்பு: படம் பிடிக்கப் போனைக் கேட்டபோது உங்கள் அத்தை இருசம்மாள் இதை எட்டிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "சம்பந்திக்கு அதத் தொறக்கவே தெரியாதுங்க. மொத வாரமே மஞ்சுகிட்ட குடுத்துட்டாரு, அவதான் ஆடுறா. நாளைக்கு யாரு தாத்தான்னு அவ கேக்க, வீடியோ கால்ல நீங்கதான வரிசயா ஒப்பிக்கிறீங்க!" அவளுக்கு அரியலூர் ஜெயிக்க வேண்டும் என்று ஏனாம் என்றேன். அரியலூர்ப் பக்கம் பழங்காலத்துக் கடல் சிப்பியெல்லாம் கல்லாகிக் கிடக்கிறதாம், பிள்ளைக்கு முதலில் அதைப் பார்க்க வேண்டுமாம். மனசு கொஞ்சம் வலித்தது மாப்பிள்ளை. விசாரணை வேண்டாம். நாளையும் வீரமணிக்கே டூட்டி. குழந்தை ஜெயிக்கட்டும், அவளிடம் மூச்சு விடாதீர்கள். ஆனால் எங்கள் பக்கம் சாத்தனூரில் ஒரு முழு மரமே கல்லாகிக் கிடக்கிறது என்று மட்டும் அவள் காதில் போட்டு வையுங்கள். உங்கள் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.