ரெண்டாம் ரீலில் தொடங்கிய படம்

புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் செந்தமிழ்ச்செல்வி பல வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர். பெயரிலேயே கௌரவம் இருப்பதால் சம்பளத்தில் அது வேண்டியதில்லை என்பது அரசின் கொள்கை. தினமும் முத்தியால்பேட்டையிலிருந்து மொபெட்டில் வந்து சினிமாப் பாடம் நடத்துவாள். வேலை நிரந்தரமாக வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். கேட்டுக் கேட்டே தலையில் நரை விழுந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் சார்புச் செயலர் ஜானகிராமன் அரசுச் செலவில் பாரீஸ் போய்வந்தார். போகும்போது நல்லாத்தான் இருந்தார். திரும்பும்போது ஐந்து குறிக் கோட்பாட்டோடு வந்து இறங்கினார். எந்தக் கதையிலும் ஐந்து குறிகள் உண்டாம். புதிர் போடுவது ஒன்று, செயல்களைக் கோர்ப்பது ஒன்று, மற்றவை கோப்பில் காண்க. பிரெஞ்சுக்காரன் சரக்கு என்றதும் ஊரில் பாதிப் பேர், "அப்போ நம்மளதுதானே!" என்று சொந்தம் கொண்டாடினார்கள்.

உடனே ஆணை பிறந்தது: 'சண்டைப் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியில் மேற்படி குறிகளைத் திரையரங்கிலேயே மெய்ப்பிக்கும் விரிவுரையாளர் நிரந்தரம் செய்யப்படுவார்.'

செந்தமிழ்ச்செல்வி முந்தின வாரமே படத்தைப் பார்த்துத் தயாரானாள். ரயில் கூரையிலிருந்து கதாநாயகன் குதித்து ஒரு லாரி ஆளைத் துவைப்பதுதான் தொடக்கம். வலது கால் உதையில் புதிர்க் குறி, இடது கால் உதையில் பண்பாட்டுக் குறி என்று குறித்து வைத்துக்கொண்டாள்.

ஒரே பிரிண்டை ரெண்டு கொட்டகை பங்குபோட்ட காலம் அது. எல்லையிலிருக்கும் கனகசெட்டிக்குளத்துக்கு அந்தண்டை, தமிழ்நாட்டுக் கொட்டகையில் ஓடி முடிந்த ரீல்கள் ஒவ்வொரு பெட்டியாக மொபெட்டில் முத்தியால்பேட்டைக் கொட்டகைக்கு வரும். அன்றைக்குப் பார்த்து முதல் பெட்டி எல்லைச் சாவடியில் மாட்டிக்கொண்டது.

"எல்லாப் பயலும் இங்கேருந்துதான் பாட்டில் பெட்டியத் தூக்கிட்டு வெளிய போவான். நீ என்னாடா உள்ள கொண்டாற?" என்றார் போலீஸ்காரர். நியாயமான சந்தேகம். அவர் பெட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ரெண்டாம் பெட்டிக்காரன் நைசாகத் தாண்டி வந்துவிட்டான்.

கொட்டகையில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்தாயிற்று. ஆபரேட்டர் தேவதாஸ் வேறு வழியில்லாமல் கையிலிருந்ததை ஓட்டினான். திரையில் கதாநாயகன் உடம்பெல்லாம் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பக்கத்தில் ஒருத்தி அழுதாள்.

செந்தமிழ்ச்செல்வி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். "சார், இது வந்து..."

"உஷ்!" ஜானகிராமன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். "யார் இவன்? யார் அடிச்சது? ஒரு எழவும் புரியல! இதாம்மா புதிர்க் குறி. ட்ரே பியன், பிரமாதம்!"

அவள் எழுதிவைத்த குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஆமாம் சார். கட்டை அவுத்தாத்தான் கதை அவுறும்."

அந்த ரீல் முடிவதற்குள் முதல் பெட்டி வந்து சேர்ந்தது. கட்டோடு கிடந்தவன் திடீரென்று ரயிலிலிருந்து குதித்தான். அப்புறம்தான் படத்தின் பெயரே வந்தது.

"டேய் ஆபரேட்டர், தூங்குறியா?" என்று கொட்டகை கத்தியது. ஜானகிராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "காலத்தையே குப்புறக் கவுத்துட்டான் பாருங்க!"

தேவதாஸ் வேர்த்துக் கொட்ட ஓடிவந்தான். "மன்னிச்சிக்குங்க ஐயா, ரீலு மாறிப்போச்சி. இப்ப ஓடுறதுதான் ஃபர்ஸ்ட் ரீலு."

"அது கோப்புல ரெண்டாவதுன்னு ஏறியாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே எது முதல்னு சொல்ல நீ யாருய்யா?" அவர் செந்தமிழ்ச்செல்வி பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. எது தொடக்கம்?"

தேவதாஸ் அவள் முகத்தையே பார்த்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம் பெரிசாக இருந்தது.

"முதல்ல பார்த்ததுதான் சார் தொடக்கம்."

மறுவாரம் நிரந்தர ஆணை வந்தது. கொட்டகைக்கும் ஒன்று போனது: அங்கீகரிக்கப்பட்ட வரிசையிலேயே ஓட்டவும். பாரீஸ் முறைப் படம் என்று ஊர் திரண்டது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனி ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து வேனில் வந்தார்கள். யாருக்கும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பரீட்சையில் அதே தொடக்கக் காட்சியைக் கேட்டிருந்தார்கள். படத்தை விழுப்புரத்தில் பார்த்த மாணவி நிர்மலா மட்டும் ரயிலை எழுதினாள். முட்டை விழுந்தது. விடைத்தாளோடு நேராக வந்து நின்றாள்.

"நான் எழுதினது தப்பா மேடம்?"

"சரியாத்தாம்மா எழுதியிருக்க. ஆனா உண்மையைச் சொல்ல மொதல்ல வேலை நிரந்தரமாவணும்."

"உங்களுக்குத்தான் ஆயிடுச்சே?"

"ஆயிடுச்சு," என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "இப்போ பிரமோஷன் வரணும்."