ரிட்டர்ன் தந்தி

மனைவியை மேனேஜிங் டைரக்டர் ஆக்கியவன் அவளோடு சண்டை போடக் கூடாது. போட்டாலும், வருமான வரி ரிட்டர்ன் போடும் மாதத்தில் போடக் கூடாது.

நான் ராமச்சந்திராபுரத்து அரசாங்கத் தொழிற்சாலையில் அதிகாரி. அரசாங்க உத்தியோகஸ்தன் சொந்தத் தொழில் செய்யக் கூடாதே! அதனால் ரப்பர் வாஷர் செய்ய நான் ஆரம்பித்த பிரைவேட் லிமிடெட்டுக்கு என் மனைவி கல்யாணி மேனேஜிங் டைரக்டர், அவள் தம்பி சேகர் இன்னொரு டைரக்டர். காகிதப்படி எனக்கும் கம்பெனிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. (வாஷரை எண்ணி மூட்டை கட்டுவது மட்டும் நான்.)

முதல் வருஷம் முடிவதற்குள், "தாளிக்கிற கடுகைக் கூட எண்ணச் சொல்ற மனுஷனோட என்னால குடித்தனம் பண்ண முடியாது" என்று கல்யாணி திருச்சிக்குப் போய்விட்டாள். சேகர் இருப்பதும் அங்கேதான். ஆக, கம்பெனி முழுவதும் திருச்சியில். மல்காஜ்கிரி வீட்டில் நானும் வாஷர் மூட்டைகளும். தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, வேண்டுமென்றே சத்தமாகப் பூட்டைத் திறப்பேன். யாருக்குக் கேட்க?

ரிட்டர்ன் தாக்கல் செய்யத் திங்கட்கிழமை கடைசி. அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் ஆடிட்டர் காகிதங்களை நீட்டினார்.

"மேடம்கா தஸ்கத் ஹோனா சார்."

"அவள் கையெழுத்தை நானே போட்டுவிடட்டுமா?"

"நக்கோ சார், நக்கோ!" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

தபாலில் அனுப்பித் திரும்பப் பெற நாள் போதாது. அவளே வந்தால்தான் உண்டு. தந்தி ஆபீசில் உட்கார்ந்து விவரமாக ஒரு வாசகம் எழுதினேன். பிறகு, வார்த்தைக்கு வார்த்தை காசாயிற்றே என்று வார்த்தைகளை எண்ணினேன். எண்ணினால் அடிக்காமல் இருக்க முடியுமா? 'இன்கம்டாக்ஸ்' போயிற்று. 'கம்பெனி' போயிற்று. 'சிக்னேச்சர்' போயிற்று. மேனேஜிங் டைரக்டருக்கு இது கூடவா புரியாது? மிஞ்சியது இவ்வளவுதான்: 'ரிட்டர்ன் பிஃபோர் மண்டே அதர்வைஸ் பெனால்டி.'

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவிலிருந்து கல்யாணி இறங்கினாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பெரிய டிரங்குப் பெட்டி. பின்னால் மாவடு ஜாடியுடன் சேகர்.

"பெனால்டியாமே! வராட்டி என்ன பண்ணியிருப்பீங்க? கேஸ் போட்டிருப்பீங்களோ?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதற்கு இன்று என்னிடம் பல பதில்கள் இருக்கின்றன. அன்று சொன்னது: "கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில எல்லாம் பென்சில்ல டிக் பண்ணி வெச்சிருக்கேன்."

அவள் காகிதங்களைப் பார்த்தாள். தந்தியைப் பையிலிருந்து எடுத்து இன்னொரு தரம் படித்தாள்.

"இந்த ரிட்டர்னா?"

"வேற எந்த ரிட்டர்ன்?" என்றேன் நான், அப்பாவியாக.

ஒரு டிக் விடாமல் கையெழுத்துப் போட்டாள். சேகர் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். "அத்தான், அக்காகிட்ட 'உன்னையும்தான் கூப்பிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ரயில்ல வழியெல்லாம் அந்தத் தந்தியத்தான் படிச்சிட்டு வந்துச்சு."

"முதல்ல தாக்கல் ஆகட்டும்டா. அப்புறம் நிதானமாப் பேசிக்கிறேன்."

மறுநாள் ரிட்டர்ன் தாக்கல் ஆயிற்று. முத்திரை குத்திய ரசீதோடு, வழியில் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா சாவியை நீட்டி, "அம்மகாரு வெள்ளிப்போயாரண்டி" என்றார்.

போய்விட்டாள். தம்பியும் பெட்டியும் கூடவே. மாவடு மட்டும் இருந்தது. பொங்கல் வரைக்கும் அதைத் தொட்டுக்கொண்டுதான் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

பொங்கல் கழிந்து, யாரும் கூப்பிடாமலே அவளாக வந்து சேர்ந்தாள். கம்பெனி அதற்கடுத்த வருஷமே மூடப்பட்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியில் யாராவது ஒருவர், "என்ன, இந்த வருஷம் ரிட்டர்ன் போட்டாச்சா?" என்று என்னைக் கேட்பார். சேகர்தான் முழுக் கதையையும் சொல்வான், தந்தி வாசகத்தை உரக்கப் படித்துக் காட்டுவது போல. பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கல்யாணி மட்டும் அந்த இடத்தில் எழுந்து, யாருக்கோ மோர் வேண்டுமென்று உள்ளே போய்விடுவாள்.