காருக்கு அடியில் காய்ந்த பேப்பர்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். காரின் நலம் கீழே விரிவாக. உன் முட்டியின் நலத்தை உன் அண்ணியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். உன்னைக் கேட்டால் எதற்கும் 'ஒண்ணுமில்லண்ணா' என்றுதான் பதில் வரும்.

முதலில் செய்தி. ரேடியேட்டர் ஒழுகுவது நின்றுவிட்டது. நேற்று ராத்திரி காருக்கு அடியில் விரித்த பேப்பர் இன்று காலை காய்ந்தே இருந்தது. இதைப் பார்த்துச் சொன்னது உன் அண்ணி. நிருபராக இருந்த நாளிலிருந்தே ஒருவர் சொல்லை மட்டும் வைத்து எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது என்பதால் நானும் குனிந்து, தொட்டு, முகர்ந்து உறுதி செய்துகொண்டேன். ஆகவே சனிக்கிழமை காலை உன்னை அழைத்துவர நம் காரே வருகிறது. டாக்சி பேச்சை இத்தோடு விட்டுவிடு. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியில் புகுந்து முடிவைக் கேட்பாய். பட்ட பாட்டை ஆரம்பத்திலிருந்து சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

டாக்டர் உன் காலை மடக்காமல் நீட்டியபடியே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். முன்சீட்டை நகர்த்தும் பிடி உடைந்து, உட்கார்ந்தவரைக் கடைசிவரை பின்னால் கொண்டுபோய் அங்கேயே அசையாமல் இறுகி நிற்கும் கார் எனக்குத் தெரிந்து நம்முடையது ஒன்றுதான். அதைச் சரிசெய்யாததற்காக உன் அண்ணியிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சமா? நீயே ஒருமுறை அதில் ஏறி, வண்டி கிளம்பியதும் பின்சீட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்து, 'அண்ணா, நான் இங்கேயே இருந்துக்கறேன், நீங்க ஓட்டுங்க' என்றாய். அன்று பழுது, இன்று வசதி. டாக்சியில் உன் காலை எங்கே வைப்பார்கள், டிரைவர் மடியிலா?

இந்த நேரம் பார்த்துத்தான் வண்டி ஒழுக ஆரம்பித்தது. கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டது, மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் இல்லை, வெறும் பெருமூச்சுதான் வந்தது. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டுப் புது ரேடியேட்டர் விலையைச் சொன்னார். அந்த விலையை நான் இங்கே எழுதினால் உனக்கு ரத்த அழுத்தம் ஏறி இன்னும் ஒரு வாரம் படுக்க வைத்துவிடுவார்கள். கையில் இருந்ததோ உனக்காகக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பதிக்க ஒதுக்கி வைத்த பணம் மட்டும். வண்டியைச் சரிசெய்தால் நீ வந்து சேரலாம், வழுக்கி விழலாம். கம்பியைப் பதித்தால் விழமாட்டாய், ஆனால் வந்து சேரமாட்டாய். இரண்டும் வேண்டும் என்று முடிவு செய்து, ஒழுகும் இடத்தை நானே கண்டுபிடிப்பதாக உன் அண்ணியிடம் அறிவித்தேன். அவள் அடுப்பை இன்னும் அழுத்தித் துடைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று வைத்திருந்தேன். வண்டிக்கு அடியில் இடைவெளி இல்லாமல் பழைய பேப்பரைப் பரப்புவது, விடிந்ததும் எது நனைந்திருக்கிறது என்று பார்ப்பது. நம் வீட்டில் எது இல்லாவிட்டாலும் பழைய பேப்பருக்குக் குறைவில்லை. பரப்பிக்கொண்டே வந்தவன், முன்பக்கம் ஒரு தாளில் என் பெயரைப் பார்த்தேன். குடிநீர்க் குழாய்க் கசிவு பற்றி நான் அலைந்து திரிந்து எழுதிய முழுப் பக்கம் அது. அதைப் போய் ஒழுகலுக்கு அடியில் போடவா? மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் வேறு தாள் போட வேண்டும் என்று நினைத்தேன். வண்டிக்கு அடியிலேயே படுத்து அந்தக் கட்டுரையை ஒருமுறை படித்தேன். படித்த திருப்தியில் எழுந்து வந்துவிட்டேன். நம் வாசல் மணல் தரை, எவ்வளவு விழுந்தாலும் அடையாளம் காட்டாமல் குடித்துவிடும். காலையில் பார்த்தால், தாள் போடாமல் விட்ட இடத்துக்குப் பின்னால் இருந்த தாளில் மட்டும் நாலைந்து சொட்டு. அதற்கு நேர் மேலே ரப்பர் ஹோஸ் இருந்தது. குற்றவாளி ஹோஸ்தான் என்று தீர்மானித்து, புது ஹோஸ் வாங்கி மாட்டினேன். மாட்டி முடித்ததும் வண்டி முன்னைவிட உற்சாகமாக ஒழுகியது.

இந்தக் கட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர்மேல் கை வைத்தபடி யோசனை சொன்னார். ரேடியேட்டரில் முட்டையை உடைத்து ஊற்றினால் அது வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம், கூடவே மிளகுத்தூளும் போட்டால் இன்னும் கெட்டியாகுமாம். யார் செய்து பார்த்தது என்று கேட்டேன். தன் மாமனார் என்றார். மாமனாரிடம் விசாரிக்கலாமா என்றேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். காரில் அல்ல, வயதாகி என்று அவராகவே சேர்த்துச் சொன்னதால் எனக்கு நம்பிக்கை வந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு நாள் முழுக்க அடைத்துக்கொள்ளவும் செய்தது. ஆனால் போகும் இடமெல்லாம் வண்டி ஆம்லெட் வாசனை அடித்தது. தெருப் பூனை பானெட்மேல் ஏறிக் குடியிருக்க ஆரம்பித்தது. ஹார்ன் அடித்தாலும் இறங்கவில்லை. மறுநாள் சிக்னலில் நிற்கும்போது அடைப்பு பிய்த்துக்கொண்டு, முட்டைத் துணுக்கோடு வெந்நீர் ரோட்டில் ஓடியது. பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, 'பெரியவரே, சமைச்சுக்கிட்டே ஓட்டாதீங்க' என்றார்.

அன்று உன் அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பேப்பரை எப்படி விரித்தீர்கள், அப்படியே விரித்துக் காட்டுங்கள் என்றாள். விரித்தேன். முன்பக்கம் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"இங்க இருந்த தாள் எங்கங்க?"

நான் சட்டையைத் தடவினேன். அவள் வேறு தாளை அங்கே போட்டாள். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே அது நடுவில் நனைந்தது. ரேடியேட்டரின் அடித்தொட்டி சேரும் விளிம்பில்தான் கசிவு. அங்கிருந்து ஹோஸின் வெளிப்பக்கமாக வழிந்த நாலு சொட்டை நம்பித்தான் நான் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

அவளே மெக்கானிக்கிடம் வந்து, இதையே அடைத்துத் தர முடியாதா என்று கேட்டாள். தாராளமாக முடியும், ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள் என்றார் அவர். எனக்கு வந்த கோபத்தில், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க புதுசு என்ன விலைன்னுதானே சார் கேட்டீங்க?"

ஆயுள் முழுக்கக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் வந்திருக்கிறேன். உன் அண்ணி பட்டறை வாசலில் இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை என்று நான் நம்ப விரும்புகிறேன்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்ததும் மெக்கானிக் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், உள்ள என்ன போட்டீங்க?"

"முட்டை."

"வெள்ளைக்கரு மட்டுமா?"

"முழுசா."

"மிளகு?"

"கொஞ்சம்."

"உப்பை மறந்துட்டீங்க சார்."

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். தண்ணீரைத் தலைகீழாகப் பாய்ச்சிக் கழுவினார், விளிம்பைச் சுரண்டிப் பற்றவைத்தார், காற்றடைத்துத் தொட்டியில் முக்கிக் குமிழி வரவில்லை என்று எனக்கும் உன் அண்ணிக்கும் தனித்தனியாகக் காட்டினார். கூலி போகக் கம்பிக்கும் பணம் மிஞ்சியது. நேற்று ராத்திரி விரிக்க, உன் அண்ணி அந்தக் குழாய்க் கசிவுப் பக்கத்தையே கேட்டாள். கொடுத்தேன். உனக்காக என்பதால் கொடுத்தேன். அதுதான் இன்று காலை காய்ந்து கிடந்த பேப்பர்.

இனி பாக்கி இவ்வளவுதான். கொத்தனார் வியாழக்கிழமை வந்து கம்பி பதிப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருவார் என்பது அவர் ஒருவர் சொல் மட்டுமே. பூனை இன்னும் பானெட்டைக் காலி செய்யவில்லை. நீ எங்கள் வீட்டில் எத்தனை நாள் இருப்பாய் என்பதை நீ இன்னும் சொல்லவில்லை, சொல்லாமலே இருந்துவிடு. நல்லபடியாகச் சாப்பிட்டு, நர்சுகளை அதட்டாமல், உடம்பைத் தேற்றிக்கொண்டு தயாராக இரு. என்றைக்கும் உன் பக்கம் நிற்கும் அண்ணன்.

பின்குறிப்பு: இது அண்ணி. உறை ஒட்டப் பசை இல்லை, தபாலாபீசில் ஒட்டிக்கொள் என்று என் கையில் கொடுத்துவிட்டார். அதனால்தான் எழுத முடிகிறது. பேப்பர் காயவில்லை. நான் முதலில் போய்ப் பார்த்தபோது ஒரு மூலை நனைந்திருந்தது. தன் பெயர் வந்த பக்கம் எல்லாவற்றிலும் இவர் இரண்டு பிரதி வைத்திருப்பார் இல்லையா, அந்த இன்னொன்றை விரித்துவிட்டுத்தான் இவரைக் கூப்பிட்டேன். இவர் இதை எழுதிக்கொண்டிருந்தபோதே மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டிவிட்டேன். பற்றவைத்த இடம் சரியாக இருக்கிறதாம், தண்ணீர் வடிக்கும் திருகின் வாஷர்தான் போய்விட்டதாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் இவர் தூங்கும்போது வந்து மாற்றுகிறேன் என்றார். நின்றதா இல்லையா என்பது அன்று சாயங்காலம் தெரியும். நிற்காவிட்டாலும் பரவாயில்லை, வழிநெடுக ஊற்றக் கேன்களில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.

டாக்டர் உன் காலை மடக்கலாம், டாக்சி என்ன பஸ்ஸிலேயே போகலாம் என்று போன வாரம் சொன்னாரே, நீ கேட்டுக்கொண்டபடி அதை இவரிடம் நான் இன்னும் மூச்சுவிடவில்லை. இவர் தினமும் அந்த முன்சீட்டைத் துடைத்துவிட்டு, தானே ஏறி உட்கார்ந்து, உன் கால் எட்டுமா என்று தன் காலை நீட்டி நீட்டிப் பார்க்கிறார். சனிக்கிழமை கார் வாசலில் வந்து நிற்கும்போது காலை நீட்டியே வைத்திரு.