ஒரு சிட்டம் கம்பளி நூல்

இந்த வருஷமும் ஊட்டிக்குப் போவதில்லை! தலையே போனாலும் போவதில்லை!

சாந்தோம் லூயிஸ் இப்படி ஒரு பயங்கரமான சபதம் எடுத்தார். மனசுக்குள்ளேதான் எடுத்தார். வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி பக்கத்திலே மனைவி ஃப்ளோரன்ஸ் உட்கார்ந்திருந்தாள்.

லூயிஸுக்குக் கோட்டையிலே குமாஸ்தா உத்தியோகம். அந்தக் காலத்தில் வெயில் ஏறினால் போதும், சாமி மலையேறுகிற மாதிரி சர்க்காரும் ஊட்டிக்கு மலையேறிவிடும். கூடப் போக விருப்பமுள்ள குமாஸ்தாக்கள் சூப்பரிண்டெண்ட் ரகுபதியிடம் பெயர் கொடுக்கலாம். குடும்பத்தையும் அழைத்துப் போகலாம். மற்றவர்கள் பெயர் கொடுக்க முண்டியடித்தார்கள். நம்ம லூயிஸ் மட்டும் காகிதக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

பின்னே என்ன? சாயங்காலமானால் கடற்காற்று. அந்தக் காற்றிலே ஒரு நாற்காலி. எதிரே சீட்டுக்கட்டோடு பக்கத்து வீட்டுக் காதர். மோட்சத்திலேகூட இத்தனை வசதி இருக்குமா என்று லூயிஸுக்குச் சந்தேகம்.

ஃப்ளோரன்ஸோ கல்யாணமான நாளிலிருந்து ஊட்டி, ஊட்டி என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்கும்போதெல்லாம் லூயிஸிடம் ஒரே பதில்தான்.

"கம்பளிச் சட்டை இல்லாம ஊட்டிக்குப் போறதா? போறப்போ ரயில் பெட்டி. வர்றப்போ சவப்பெட்டி. பரவாயில்லையா?"

ஆறு வருஷம் இந்தப் பதில் செல்லுபடியாயிற்று. ஏழாம் வருஷம் ஃப்ளோரன்ஸ் வாதாடவில்லை. கான்வென்டிலே கன்னியாஸ்திரீகள் கம்பளிப் பின்னல் கற்றுக்கொடுத்தபோது தந்த ஊசிகளைத் தேடி எடுத்தாள். மவுண்ட் ரோடிலிருந்து கம்பளி நூல் வந்தது. பொங்கலுக்குள் லூயிஸுக்குப் பழுப்பு ஸ்வெட்டர் தயார். அடுத்த மாசம் தனக்கொரு நீல ஸ்வெட்டர். அப்புறம் நாலு ஊசியைக் கோத்துக்கொண்டு காலுறையில் இறங்கிவிட்டாள்.

லூயிஸ் வழி தேட ஆரம்பித்தார். ஊசியை ஒளித்து வைக்கலாமா? ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள். பூச்சியை விட்டு அரிக்கச் செய்யலாமா? பூச்சியும் அவளுக்குப் பயப்படும்! யோசித்து யோசித்து, கடைசியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அடடா, யோசனை என்றால் அதுவல்லவோ யோசனை!

"ஃப்ளோரா, தவக்காலம் வருது. உன் கைவேலையை நாமளே போட்டுக்கிட்டா பாவம். தர்மம் பண்ணலாமே?"

"யாருக்குங்க?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீ பின்னிக்கிட்டே இரு."

"உங்க இஷ்டம்" என்றாள் ஃப்ளோரன்ஸ், ஊசியை நிறுத்தாமல்.

இத்தனை சுலபமாக அவள் சம்மதித்ததிலேயே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

முதல் தர்மம் காதருக்கு. பழுப்பு ஸ்வெட்டரைப் பட்டப்பகலில் கொண்டுபோய் நீட்டினார்.

"இன்னா லூயிஸு இது? வெயிலு மண்டையப் பொளக்குது. என்னை உசுரோட வேக வெக்கப் பாக்குறியா?"

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேய்யா. வாங்கிக்கோ!"

"மாடா இருந்தா பாலாவது குடுக்கும் நைனா" என்று முனகிக்கொண்டே காதர் வாங்கிக்கொண்டார்.

நீல ஸ்வெட்டர் மீன்காரி கோவிந்தம்மாவுக்குப் போயிற்று. முதல் ஜோடிக் காலுறை, ஜன்மத்தில் செருப்பே போட்டறியாத மாதா கோயில் உபதேசியார் பவுல்சாமிக்கு. ஃப்ளோரன்ஸ் பின்னப் பின்ன லூயிஸ் கொடுத்தார். கர்ணன் பிச்சை வாங்க வேண்டும், அப்படிக் கொடுத்தார்!

கடைசியில் மிஞ்சியது ஒரு ஜோடிக் காலுறை. இதை யாருக்குத் தள்ளுவது? சூப்பரிண்டெண்டுக்கே கொடுத்துவிட்டால்? மனுஷர் குளிர்ந்து போவார். 'இந்த வருஷமும் சௌகரியப்படலை சார்' என்றால் மறுபேச்சு பேசமாட்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! கொடுத்துவிட்டு, கடற்கரையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்து வீட்டுக்கு வந்தார். வீட்டில் இனி ஒரு முழம் கம்பளி கிடையாது. ஜெயம்! ஜெயம்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஃப்ளோரன்ஸ் புதிதாக ஒரு சிட்டம் நூலோடு வந்தாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க. உருண்டையாச் சுத்தணும்."

ஜெயித்தவன் தாராளமாக இருக்கலாம். லூயிஸ் இரண்டு கையையும் நீட்டினார். அவள் சிட்டத்தை அவர் மணிக்கட்டுகளில் மாட்டி, எதிரே உட்கார்ந்து நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். லேஸ் பின்னுகிற பருத்தி நூலானாலும் சரி, கம்பளியானாலும் சரி, இது கல்யாணமான நாளாக நடக்கிற வேலைதான். கை தாழ்ந்தால் நூல் சிக்காகும், சிக்கானால் திட்டு விழும்.

"இது யாருக்கு?"

"சொல்றேன். கையைத் தூக்குங்க."

தூக்கினார். அந்தச் சமயம் வாசலில் ஜட்கா வந்து நின்றது. மயிலாப்பூரிலிருந்து சாட்சாத் ரகுபதியே இறங்கி வந்தார்.

"ஓய் லூயிஸ்! வருஷா வருஷம் ஊட்டிக் குளிர்லே பித்தவெடிப்பு என் பிராணனை வாங்கிண்டிருந்தது. உம்ம சாக்ஸைப் போட்டுண்டு பார்த்தேன். கால் பஞ்சுமெத்தையிலே இருக்கு! இதைப் பின்னின கை ஊட்டிக்கு வந்தே ஆகணும், எனக்குக் கத்துத் தரணும்னு ஆத்துக்காரி ஒத்தைக்கால்லே நிக்கறா. எங்க ஜாகைக்குப் பக்கத்திலேயே உமக்கும் பார்த்துடறேன். என்ன சொல்றீர்?"

லூயிஸுக்கு மூச்சு ஒரு நிமிஷம் நின்றது. நின்றால் என்ன? பிரம்மாஸ்திரம்தான் இருக்கிறதே!

"எனக்கும் கொள்ளை ஆசை சார். ஆனா வீட்டிலே ஒரு கம்பளித் துணி கிடையாது. எல்லாத்தையும் தர்மம் பண்ணிட்டோம்."

ஃப்ளோரன்ஸ் எழுந்து, மூலையிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மேலாக இருந்தது பழுப்பு ஸ்வெட்டர். அதன் கீழே நீலம். அதன் கீழே பவுல்சாமியின் காலுறை!

"எப்படிடி?" லூயிஸின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நீங்க வாசல் வழியா குடுத்தீங்க. அவங்க கொல்லை வழியா கொண்டாந்து குடுத்துட்டாங்க. மெட்ராஸ்ல இதை வெச்சுக்கிட்டு யாருங்க என்ன பண்ணுவாங்க? திரும்பி வராதது சாரோட சாக்ஸ் ஒண்ணுதான்."

சுவருக்கு மேலே காதரின் தலை தெரிந்தது. "நா அன்னிக்கே குட்த்துட்டேன் நைனா! நீ குஷாலா போய் வா. உன் நாற்காலிக்கு வேற ஆளு ரெடியா கீது!"

ரகுபதி பென்சிலை எடுத்தார். "அப்போ பேரை எழுதிக்கட்டுமா? சம்மதந்தானே?"

'முடியாது' என்று கத்த லூயிஸ் வாயைத் திறந்தார். அதற்குள் ஃப்ளோரன்ஸ் உட்கார்ந்து நூலை லேசாக ஒரு இழு இழுத்தாள்.

"என்னங்க, தூக்குங்க."

ஏழு வருஷப் பழக்கம். இரண்டு கையும் தாமாக மேலே போயின.

"பலே! ஒரு கை தூக்கினாலே சம்மதம். நீர் ரெண்டையும் தூக்கிட்டீரே ஓய்!" ரகுபதி பெயரை எழுதிக்கொண்டு ஜட்காவில் ஏறினார்.

ஃப்ளோரன்ஸின் முகத்தில் நீலகிரியே பூத்திருந்தது. லூயிஸ் அதையே பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"அது சரி, இந்த நூல் யாருக்குன்னு சொல்லவே இல்லையே?"

"உங்களுக்குத்தான். குரங்குக் குல்லா. கையைத் தூக்குங்க, இன்னும் பாதி இருக்கு."

தூக்கினார்.