ஏழு விதை ரொட்டியும் பசி ஒழிப்பு அண்ணாச்சியும்

மனித இனத்தில் பசி ஒழிப்பாளர் என்றொரு வகை உண்டு. இவர்களைப் பசித்தவர்கள் நடுவே தேடாதீர்கள். அங்கே அபூர்வமாகத்தான் தென்படுவார்கள். கல்யாணப் பந்தியில் தேடுங்கள். நீங்கள் இரண்டாவது வடைக்குக் கை நீட்டுகிற அதே நொடியில் பக்கத்து இலையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்கும். "இந்த நேரத்துல உலகத்துல எத்தனை பேரு வெறும் வயித்தோட இருக்காகன்னு நெனச்சுப் பாத்தீகளா?" என்று ஒரு குரல் கேட்கும். நீங்கள் வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொள்வீர்கள். அந்த வடை அவர் இலைக்குப் போகும்.

எங்கள் திருத்தங்கலில் இந்த வகைக்கு முழு லட்சணத்தோடு ஒருவர் இருக்கிறார். பெயர் லட்சுமிகாந்தம். காலண்டர் அச்சகத்தின் முதலாளி. மருமகன் வந்து அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அண்ணாச்சிக்குப் பகல் முழுவதும் காலியாகிவிட்டது. காலியான நேரத்தில் சிலர் கோயிலுக்குப் போகிறார்கள். சிலர் தங்கள் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறார்கள். இவர் ஓவன் வாங்கினார். அதை மாடிக்கு ஏற்றுவதற்கு, அச்சகத்தில் மெஷின் தூக்குகிற ஆட்கள் நான்கு பேர் வரவேண்டியிருந்தது.

அந்த ஓவனிலிருந்து பிறந்ததுதான் ஏழு விதை ரொட்டி. எள், ஆளி விதை, பூசணி விதை, சூரியகாந்தி விதை, கசகசா, கருஞ்சீரகம். ஏழாவது என்னவென்று அவர் சொல்லமாட்டார். சாப்பிட்டுப் பார்த்த வகையில், அது கூழாங்கல் என்பது என் கருத்து.

ரொட்டியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவர் வெறும் சமையல்காரராகப் போயிருப்பார். ஆனால் இணையத்தில் 'நிறைவயிறு' என்ற அறக்கட்டளையின் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. பசியை ஒழிக்கப் பாடுபடுகிற சென்னைக்காரர்கள். 'வீட்டில் ரொட்டி சுடுங்கள், விற்று நிதி அனுப்புங்கள்' என்று அழைப்பு விடுத்திருந்தார்கள். அண்ணாச்சி துள்ளி எழுந்தார். மறுவாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் எங்கள் தெருவில் பசிக்கு எதிரான போர் தொடங்கியது. போரில் முதலில் விழுந்தவை எங்கள் பற்கள்.

வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கலாமே என்பீர்கள். முடியாது. "ஒரு ஏழைக் குழந்தைக்காக ஒரு பிரெட்டு வாங்கக்கூடாதா?" என்று வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார். வாங்கினால் நீங்கள் மனிதநேயர். வாங்காவிட்டால் பசியின் கட்சி. நான் எட்டு மாதமாக மனிதநேயராக இருந்துவருகிறேன். என் தாடை வலிக்கிறது.

அவருடைய சமையலறைக்குள் ஒருமுறை போயிருக்கிறேன். கண்ணாடி ஜாடி ஒன்றில் புளித்த மாவு நுரைத்துக்கொண்டிருந்தது. ரொட்டி உப்புவதற்கான தாய்மாவு. அதற்கு 'அன்னலட்சுமி' என்று பெயர் வைத்திருந்தார். காலையிலும் மாலையிலும் அதற்கு மாவும் தண்ணீரும் ஊட்ட வேண்டுமாம்.

"மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சு போகும், இதுக்குப் பசிக்குதுன்னு" என்றார் ஜாடியைத் தடவிக்கொண்டே.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் பெரிய தட்டில் மாவைப் போட்டு, மூச்சு வாங்க வாங்கப் பிசைந்துகொண்டிருந்தாள். வெள்ளைத்தாய். ஏழாயிரம்பண்ணையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஏழரை மணிக்கெல்லாம் வந்துவிடுகிறவள். அவள் மூஞ்சியை அண்ணாச்சி பார்த்ததாகத் தெரியவில்லை.

வெள்ளைத்தாய் அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் பட்டாசு ஆபீஸில் (எங்கள் பக்கத்தில் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர்) சரவெடி பின்னியவள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் ஏதோ சான்றிதழ் சரியில்லை என்று சொல்லி அந்தப் பக்கத்து ஆபீஸ்களை வரிசையாகப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். பூட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. புருஷனுக்கும் அங்கேதான் வேலை, அவனும் வீட்டில். எனவே இவள் ரொட்டி பிசைய வந்தாள். சரம் பின்னிய விரல்கள். மாவு சொன்னபடி கேட்டது. பிசைவது, உருட்டுவது, அடுக்குவது, ஓவனைத் துடைப்பது எல்லாம் அவள் வேலை. விதையைத் தூவுவது அண்ணாச்சியின் வேலை. தூவும்போது ஸ்ரீமதியக்கா, அதாவது அவர் மனைவி, போனில் வீடியோ எடுக்க வேண்டும். சில நாள் மூன்று தரம் தூவுவார். முதல் இரண்டில் வெளிச்சம் சரியாக இருந்திருக்காது.

ஒருநாள் வெள்ளைத்தாய் தன் ஊரிலிருந்து அய்யம்மாள் என்பவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஊரில் வீட்டுக்கு வீடு ரேஷன் அரிசியைத் திரட்டி, சமுதாயக் கூடத்து வாசலில் ஒரே அடுப்பு மூட்டி, மத்தியானம் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சுகிறவர் அய்யம்மாள். வேலை நின்ற நாற்பது குடும்பங்களுக்கு அன்றாடம் நிச்சயமாகக் கிடைத்தது அந்த ஒரு வேளைதான்.

"அரிசி இந்த வெள்ளிக்கெளமையோட தீந்துரும் மொதலாளி" என்றார் அய்யம்மாள். "அடுத்த ரேசன் போடுற வரைக்கும் ரெண்டு மூடை குடுத்தீகன்னா புண்ணியமாப் போகும். பசிக்குன்னே நீங்க நெறையச் செய்றீகன்னு வெள்ளைத்தாயி சொன்னா."

நானும் அங்கே இருந்தேன். அண்ணாச்சியின் கண்கள் கலங்கின. பொய்க் கண்ணீர் இல்லை, சத்தியமாகக் கலங்கின. இந்த வகையினருக்கு மனசு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். மனசு இருக்கிறது. அதன் மேல் ஒரு கேமரா பொருத்தியிருக்கிறது.

"அரிசி யாரு வேணும்னாலும் குடுப்பாகம்மா" என்றார் தழுதழுத்து. "அதுல என்ன சத்து இருக்கு? வெறும் மாவுச்சத்து. நான் உங்க ஊருக்கே வாரேன். எங்கையால நூறு பிரெட்டு. ஏழு விதை. ஒமேகா இருக்கு, நார்ச்சத்து இருக்கு!"

"நாரு இருக்கட்டும் மொதலாளி..." என்று தொடங்கினார் அய்யம்மாள்.

"ஞாயித்துக்கெளம!" என்றார் அண்ணாச்சி.

நூறு ரொட்டி என்றால் சும்மாவா? மூன்று நாள் வெள்ளைத்தாய் நிமிரவில்லை. சனிக்கிழமை கடைசித் தட்டு ஓவனுக்குள் போனதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். அப்போது நடந்த பேச்சை ஸ்ரீமதியக்கா எனக்கு அப்படியே சொன்னார்.

"மொதலாளி, நாளைக்கு எனக்கு லீவு வேணும்."

"நாளைக்கா? நல்ல ஆளு! நாளைக்குத்தானே விழா. பிரெட்ட வெட்டணும், பொட்டலம் கட்டணும். அப்படி என்ன தலைபோற வேலை?"

"எங்க ஊருல எலவசமா பிரெட்டு குடுக்காகளாம். லிஸ்ட்டுல எம்பேரும் இருக்கு. நேர்ல வந்து வரிசையில நின்னாத்தான் குடுப்பாகளாம்."

"யாரு குடுக்கா?"

"நீங்கதான் மொதலாளி."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். பிறகு, "சரி, அப்பக் காலையில வந்து பொட்டலத்தக் கட்டிட்டு, வேன்லயே எங்ககூட வந்து எறங்கி, வரிசையில நின்னுக்க" என்றார். பெருந்தன்மை!

விழாவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சமுதாயக் கூடத்து முகப்பில் பிளக்ஸ் கட்டியிருந்தது. லாரி டயர் அளவுக்கு ஒரு ரொட்டி. அதைவிடப் பெரிதாக அண்ணாச்சி. 'பசியில்லா உலகம்' என்று எழுதியதில் உலகத்துக்கே இடம் போய்விட்டதால் பசி ஓரத்தில் சின்னதாக ஒதுங்கியிருந்தது.

பதினோரு மணி விழா. சிறப்பு விருந்தினர் வரவில்லை. பன்னிரண்டரை ஆயிற்று. அய்யம்மாள் வழக்கம்போல் அடுப்பு மூட்டப் போனார். வெள்ளிக்கிழமையோடு தீரவேண்டிய அரிசியை, தண்ணீரைக் கூட்டிக் கூட்டி ஞாயிறு வரை இழுத்திருந்தார். அண்ணாச்சி ஓடிப்போய்த் தடுத்தார்.

"அம்மா, இப்ப வேண்டாம். பொகை வந்தா போட்டோவுல மூஞ்சி தெரியாது."

"புள்ளைக பசியோட இருக்கும் மொதலாளி."

"அந்தப் பசிக்குத்தானம்மா விழாவே!"

ஆகவே, பசி ஒழிப்பு விழாவை முன்னிட்டு அந்த ஊரில் அன்று மத்தியானக் கஞ்சி கிடையாது. ஒரு மணிக்குக் கைக்குழந்தைகள் அழத் தொடங்கின. ஒன்றரைக்கு அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, பசி என்றால் என்ன என்று அந்த ஜனங்களுக்கு விளக்கத் தொடங்கினார். இருபது நிமிஷம் விளக்கினார். தானே ஒருமுறை அரைநாள் விரதம் இருந்து அதை உணர்ந்ததாகவும் சொன்னார். முன்வரிசைப் பெண்கள் அவரையே இமைக்காமல் பார்த்தார்கள். பேச்சின் சிறப்பு என்று அவர் நினைத்தார்.

இரண்டு மணிக்கு விருந்தினர் வந்தார். வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவர் கையிலும் ரொட்டியை வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, "வயிறாரச் சாப்பிடுங்க, எங்கையால பெசஞ்சது" என்றார். கழுத்தில் தொங்கிய மைக் அதை ஊருக்கெல்லாம் சொன்னது. பதினேழாவதாக வெள்ளைத்தாய் வந்தாள். வேலைக்கு வருகிற பழைய சேலையை மாற்றி நல்ல சேலை உடுத்தியிருந்தாள். அண்ணாச்சி கேமராவைத்தான் பார்த்தாரே தவிர அவளைப் பார்க்கவில்லை.

"வயிறாரச் சாப்பிடும்மா. எங்கையால பெசஞ்சது."

வெள்ளைத்தாய் ரொட்டியை வாங்கிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "இந்தத் தட்டுல உப்பு கொஞ்சம் கம்மி மொதலாளி" என்றாள். "நேத்துப் போடும்போது கேக்கலாம்னு பாத்தேன். நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீக."

மைக் அதையும் சொன்னது.

முதலில் அய்யம்மாள்தான் சிரித்தார். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. மூன்று மாதமாகச் சிரிக்காத ஊர், அடக்க முடியவில்லை. சிறப்பு விருந்தினர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சி கூனிக்குறுகிப் போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த வகையைப் பற்றி உங்களுக்கு இன்னும் ஒன்றுமே தெரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். வெள்ளைத்தாயின் தோளைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பினார். மறுநாள் அந்தப் படம் 'உதவி பெறுபவரே உழைப்பும் தந்த அதிசயம்' என்ற தலைப்போடு ஊரெல்லாம் சுற்றியது. 'நிறைவயிறு'க்காரர்கள் இதய வடிவம் போட்டிருந்தார்கள்.

விழா முடிந்ததும் அய்யம்மாள் அடுப்பை மூட்டினார். அந்தக் கல்லு ரொட்டியைக் கஞ்சியில் ஊறப்போட்டு, விதைகளைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டார்கள். நான் வெள்ளைத்தாயின் பக்கத்தில் போய், "வேணும்னேதான சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஐயோ, இல்லைங்க" என்றாள் பதறிப்போய். "சுட்டது நான்னு ஊருக்கே தெரியும். உப்பு இல்லைன்னா என்னையத்தான ஏசுவாக? அதான் முன்னாடியே சொல்லிப்புட்டேன்." கஞ்சியை ஒருமுறை கலக்கினாள். "ஆனா கை நீட்டும்போதுதான் ஒரு மாதிரி ஆகிப்போச்சு. நான் சுட்டத நானே தருமமா வாங்குறேன். வேலை செஞ்சு வாங்குன கையிங்க இது."

கேலி எழுதுகிறவன் நான், அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு நகர்ந்தேன்.

இத்தனையையும் போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றவர் ஸ்ரீமதியக்கா. திரும்பி வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே கடைத்தெருவுக்குப் போய் நாலு மூடை அரிசியும் ஒரு மூடை பருப்பும் வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி, அய்யம்மாள் பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார். இரண்டு நாள் கழித்து அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்தது. கோபிக்கவில்லை.

"யாராச்சும் போட்டோ எடுத்தாகளா?"

"இல்லை."

"அப்ப எப்படி அது குடுத்ததா ஆகும்?" உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

அந்த அரிசி அடுத்த ரேஷன் வரை தாங்கியது. அடுத்த மாதம் சான்றிதழ்ச் சிக்கல் தீர்ந்து ஆபீஸ்களின் சீலைப் பிரித்தார்கள். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வேலைக்கு ஆள் ஏற்றும் வேன்கள் மறுபடி ஓடத் தொடங்கின. வெள்ளைத்தாய் ஸ்ரீமதியக்காவிடம் சொல்லிக்கொண்டு சரம் பின்னப் போய்விட்டாள். அய்யம்மாள் கஞ்சிப் பானையைக் கழுவிக் கவிழ்த்தார். ஊரே மூச்சு விட்டது, ஒருவரைத் தவிர.

அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. அடுத்த மாத விழாவுக்கு 'நிறைவயிறு'க்காரர்களே நேரில் வருவதாக இருந்ததாம்.

"இப்படித் திடுதிப்புனு தொறந்துட்டாகளே! ஏங்க, நீங்க நாலு எடம் போய்வர்ற ஆளு. காரியாபட்டிப் பக்கம் எங்கயாச்சும் ஆபீஸு ஏதும் வேலை வெட்டி இல்லாமப் பூட்டிக் கெடக்கா?"

இல்லை என்றேன். "சே!" என்றார்.

நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கொஞ்சம் மெதுவாக. பக்கத்தில் யாராவது உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கலாம். அண்ணாச்சி வகைக்கு ஓவன் கட்டாயமில்லை, மைக் கட்டாயமில்லை. உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கடைசியாக நீங்கள் ஒருவருக்குச் செய்த உதவியை நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்களையும் அவரையும் தவிர எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுக்கெல்லாம் யார் சொன்னது?

என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஸ்ரீமதியக்கா அனுப்பிய நாலு மூடையில் ஒரு மூடை நான் வாங்கிக் கொடுத்தது. இதை எங்கேயாவது நைசாகச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். நான் சொல்லி முடித்தாயிற்று. நீங்கள் தொண்டையைக் கனைப்பது கேட்கிறது, நீங்கள் செய்த உதவியையும் சொல்லுங்கள்.