கோட்டுக்காரன் பிழைத்துக்கொண்ட விதம்

பேரன்புமிக்க மைத்துனர் சமூகத்துக்கு, உங்கள் அக்காளைக் கட்டிக்கொண்டவன் எழுதிக்கொள்வது. இங்கே அக்கா தேறி வருகிறாள், மகள் சுகம், நான் சுகமென்று சொல்லிக்கொள்ளும் நிலையில் இல்லை. அங்கே நீங்களும் உங்கள் வீட்டாரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு கடுதாசி எழுதுகிறானே, அத்தானுக்கு மறை கழன்றுவிட்டதா என்று நினைக்காதீர்கள். போன் செய்தால் உங்கள் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். பால்கனிக்குப் போய்ப் பேசினால் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து துணி காய்ந்ததா என்று பார்ப்பாள், கொடியில் துணியே இல்லாவிட்டாலும். மெசேஜ் அனுப்பலாமென்றால், என் போன் என் கட்டைவிரலைவிட அவள் கட்டைவிரலுக்குத்தான் சட்டென்று திறக்கிறது. நாளைக் காலை எங்கள் லிஃப்ட் கம்பெனி வேன் உங்கள் பக்கம் வருகிறது, டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறேன். படித்தவுடன் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும், மச்சான். நாங்கள் நெட்டில் தொடர் பார்ப்பதெல்லாம் உங்கள் கணக்கில்தானே, அதன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்ற வேண்டும். யார் கேட்டாலும் மறந்துவிட்டது என்று சாதியுங்கள். உங்கள் அக்காளின் நெஞ்சு இப்போது அந்தப் பாஸ்வேர்டில்தான் இருக்கிறது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

இந்த வெளிநாட்டுத் தொடர் விஷயத்தில் நான் ஆரம்பத்தில் எப்படி இருந்தேன் என்று உங்களுக்கே தெரியும். "ஊரான் மொழி, ஊரான் குடும்பம், உனக்கெதுக்குடி கண்ணீர்" என்று கிண்டல் பண்ணிக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தவன்தான். செய்தித்தாளுக்கு மேலே கண் போனது எப்போதென்று தெரியவில்லை. இப்போது எனக்கும் அபிப்பிராயங்கள் இருக்கின்றன. சீனத் தொடரில் வாளை வைத்துக்கொண்டு மாடிக்கு மாடி பறக்கிறார்கள், கம்பியில்லை, எதிர் எடையில்லை, பிரேக் இல்லை, முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனால் அதை எப்படி மச்சான் சகித்துக்கொள்ள முடியும்? ஜப்பான்காரர் தொடரில் ஆள் கடலைப் பார்ப்பான், கடலும் ஆளைப் பார்க்கும், தொடர் முடிந்துவிடும். கொரியாக்காரன்தான் கெட்டிக்காரன். முதல் பாதியில் சிரிக்க வைத்து நம்மை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டு, பின்பாதியில் கதவைப் பூட்டிவிட்டு அழவைப்பான்.

நாங்கள் கடைசியாகப் பார்த்தது கோட்டுக்காரன் தொடர். அந்த நடிகர்கள் பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது, நாங்களே வைத்துக்கொண்ட பெயர்தான். கோட்டுக்காரன் கதாநாயகன், வீட்டுக்குள்ளும் நீளக் கோட்டைக் கழற்றமாட்டான், நெஞ்சில் வியாதி. பேக்கரிப்பெண் கதாநாயகி. கோட்டுக்காரனின் அம்மா தண்ணீர் மாமியார், யாரைப் பார்த்தாலும் தம்ளர் தண்ணீரை முகத்தில் வீசுவாள். அப்புறம் கன்னத்தில் குழி விழும் ரெண்டாவது பையன், கதாநாயகனுக்கு அடுத்த வேஷம், பேக்கரிப்பெண்ணை மனசுக்குள்ளேயே வைத்திருந்து கடைசிவரை குடை பிடிக்கிறவன். உங்கள் அக்காளுக்குக் கோட்டுக்காரன்மேல் உயிர். நான் ரெண்டாவது பையன் கட்சி. கோட்டுக்காரன் அழுதால் இடது கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வரும், அதுவும் கேமரா பார்க்கிற கண்ணில். ரெண்டாவது பையன் அழுதால் மூக்கும் சேர்ந்து ஒழுகும். "மூக்கு ஒழுகாம அழறவன் நடிகனே இல்லை"ன்னு நான் சொன்னதுக்கு உங்கள் அக்கா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. "உங்களை மாதிரியே ஒரு மூஞ்சி கிடைச்சதும் கட்சி சேர்ந்துட்டீங்க" என்றாள். எனக்குக் கன்னத்தில் குழி இல்லை. அவள் சொன்னது மூக்கை.

இந்த நேரத்தில்தான் அவளுக்கு இதய வால்வு ஆபரேஷன் என்று முடிவானது. நீங்கள் அங்கிருந்து கிளம்ப முடியாமல் தவித்தது எங்களுக்குத் தெரியும், அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் படுத்துக்கொண்டு மேலே மின்விசிறியையே பார்த்தாள். சாப்பிடவில்லை. மகள் நீட்டிய கஞ்சித் தம்ளரையும் தள்ளிவிட்டாள். டாக்டர் வந்து, "இப்படிப் பயந்தீங்கன்னா பிரஷர் ஏறும், தள்ளிப்போட வேண்டியிருக்கும், தள்ளிப்போடறது நல்லதில்லை" என்றார். அன்றைக்கு மத்தியானம்தான் தொடரின் கடைசிப் பகுதி வருவதாக இருந்தது. சட்டென்று என் கையைப் பிடித்து, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. என்னால இப்ப முடியாது. ஆனா அவன் பிழைச்சானா இல்லையான்னு தெரியாம நான் உள்ள போக மாட்டேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மச்சான். கையில் நகம் பதிந்த தடம் சாயங்காலம்வரை இருந்தது.

கீழே கேண்டீனில் மூலை மேஜையில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. தண்ணீர் மாமியார்கூட ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்தாள். நானும் நிம்மதியாக டீ சொன்னேன். கடைசிக் காட்சி. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு, பனி கொட்டுகிறது. கோட்டுக்காரன் முதல்தடவையாகக் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிடுகிறான். ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டே வருகிறான். பாதியில் அந்தக் கை நின்றுவிட்டது. அவ்வளவுதான். அழுகையில்லை, வசனமில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை. அவளோ மிச்சப் பட்டனையும் அவன் போடுவான் என்று குனிந்தபடியே இருக்கிறாள். அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன், அவன் நடிகன்தான். நான் மேஜையில் தலையை வைத்து விம்மிவிட்டேன். கேண்டீன்காரர் ஓடிவந்து முதுகைத் தடவினார். "அழுதுடுங்க அண்ணே, அடக்காதீங்க. எப்ப ஆச்சு?" என்றார். நான் என்னை மறந்து, "இப்பதான்… பஸ் ஸ்டாப் பெஞ்சுல" என்றேன். "அடக்கடவுளே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர்றதுக்குள்ளயா? என்ன வயசு?" "முப்பத்திரண்டு. கல்யாணம்கூட ஆகலை." பக்கத்து மேஜையிலிருந்த பெரியவர் எழுந்து நின்றார். நான் நிஜத்தைச் சொல்ல வாய் திறப்பதற்குள் மூன்று பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அதற்குமேல் சொன்னால் உதை விழும். முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிக்கு நழுவினேன்.

வார்டு வாசலில் நின்றதுமே உங்கள் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை. உதடெல்லாம் வெளுத்துப்போய், "என்னங்க ஆச்சு?" என்றாள். என் வாயிலிருந்து தானாக வந்தது: "பிழைச்சுட்டான்!" அதோடு நிறுத்தியிருக்கலாம். "எப்படிப் பிழைச்சான்?" என்றாள். எனக்கென்ன கதை தெரியும், லிஃப்ட் தெரியும். ஆபரேஷன் முடிந்து கோட்டுக்காரன் வெளியே வருகிறான், பேக்கரிப்பெண் அதே லிஃப்டில் ஏறுகிறாள், நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது என்று ஆரம்பித்தேன். பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரம்மா, அதே தொடரைப் பார்க்கிறவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "ஏன் நின்னுச்சு?" என்றார். கதவு லாக்கில் தூசி என்றேன். "ரெண்டாவது பையன் என்ன ஆனான்?" அவன்தான் இயந்திர அறைக்கு ஓடிப்போய்ப் பிரேக்கை விட்டு, கையாலேயே சக்கரத்தைச் சுற்றி, இருவரையும் பத்திரமாக அஞ்சாவது மாடிக்கு ஏற்றிவிட்டான் என்றேன். "அந்தப் பொண்ணையேவா விட்டுக்கொடுத்தான்?" "ஆமாம்மா. மூக்கைத் துடைச்சுக்கிட்டே சுத்தினான்." வார்டு முழுக்க கைதட்டல். உங்கள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அரை மணி நேரத்தில் பிரஷர் இறங்கிவிட்டது. வெளியே வந்தபோது நர்ஸ் என்னை ஓரம்கட்டி, "சார், நானும் மத்தியானம் பாத்தேன். லிஃப்டே வரலையே" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "பேஷண்ட் அமைதியா இருக்காங்க. நான் எதையும் பாக்கலை" என்று போய்விட்டார். நல்ல பெண்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கோம். கொஞ்ச நாளைக்கு உடம்பு அதிர இருமக் கூடாது, தும்மக் கூடாது, விம்மி அழக் கூடாது" என்றார். என்ன தடிமன் கம்பி என்று கேட்டேன். அவர் அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. லிஃப்ட் கம்பியாயிருந்தால் தட்டிப் பார்த்துச் சொல்வேன், இதை எப்படித் தட்டிப் பார்ப்பது? இந்த நிலைமையில், வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருமாக அந்தக் கடைசிப் பகுதியைப் பார்ப்பதென்று பெண்கள் தீர்மானித்துவிட்டார்கள். டீச்சரம்மா வருகிறார். மகள் அம்மாவோடு பார்க்கவேண்டுமென்று இன்னும் பார்க்காமலே வைத்திருக்கிறாள். பிளக்கில் கம்பியைக் கழற்றி டிவியை நிறுத்தினேன். "ஊரெல்லாம் ரிப்பேர் பண்றவர் வீட்டுல டிவி ஓடலைன்னு வெளியே சொல்லிடாதீங்க" என்று உங்கள் அக்கா சொன்னாள், மகள் அலுவலகத்திலிருந்து பெரிய கணினித் திரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வைஃபை பெட்டியை ஒளித்தேன். "என் போன்லயே நெட் இருக்குப்பா" என்றாள். பனி கொட்டுகிற அந்தப் பெஞ்சை உங்கள் அக்கா பார்த்தால், பட்டனில் அந்தக் கை நிற்பதைப் பார்த்தால், கம்பி தாங்குமா மச்சான்? அதற்கும் மேலே, நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால், நாளைக்கு டாக்டர் நல்ல சேதி சொல்லி நான் வந்து சொன்னாலும் நம்புவாளா? ஒவ்வொரு தடவையும் அவள் ரிமோட்டைத் தொடும்போது எனக்கு இங்கே லிஃப்ட் ரோப் அறுந்து கீழே போகிற மாதிரி இருக்கிறது. உங்களை விட்டால் எனக்கு வேறு பிரேக் இல்லை.

ஆகவே சொன்னபடி பாஸ்வேர்டை மாற்றி இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றவும். தங்கள் இல்லாள் தீர்க்காயுசாக இருக்கவும், பிள்ளைகள் என்னைவிட நாலு வகுப்பு கூடுதலாகப் படித்து, என்னைவிட நாலு பொய் குறைவாகச் சொல்லி வாழவும் மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
பயத்தோடும் பாசத்தோடும்,
உங்கள் அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். உறைக்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் அக்கா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "தம்பிக்கா? பாஸ்வேர்டை மாத்தச் சொல்லியா?" என்றாள். நான் பேனாவைத் திறந்து மூடினேன். "கோட்டுக்காரன் செத்துட்டான்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். யார் சொன்னது, நர்ஸா என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? கண்ணு ரெண்டும் வீங்கி, மூக்கு செவந்து வந்து நின்னு பிழைச்சுட்டான்னா எவ நம்புவா? முதல்ல வாசல்ல உங்க மூஞ்சியப் பாத்ததும், டாக்டர் உங்களைத் தனியாக் கூப்பிட்டு எனக்குத்தான் நாள் குறிச்சுட்டார்னு நினைச்சேன். உயிரே போயிடுச்சு. அப்புறம் நீங்க பாட்டுக்கு லிஃப்ட்டை நிறுத்தி ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சீங்க பாருங்க, அப்பதான், அப்பாடா, இந்த மனுஷன் அழுதது எனக்காக இல்லை, செத்தது அவன்தான்னு தெம்பா உள்ள போனேன்" என்றாள். டாக்டர் விம்மி அழக் கூடாது என்றாரே, அதற்கென்ன செய்வது என்றேன். "அழுதா ஒண்ணும் ஆகலை, நேத்துகூட அழுது பாத்தேன். உங்க லிஃப்ட்டை நினைச்சுச் சிரிச்சாத்தான் தையல் பிடுங்குது" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். டிவி பிளக்கில் கம்பியை நான் மறுபடி மாட்டிவிட்டேன். ஞாயிறுவரை காத்திருக்க முடியாதாம், மகளோடும் டீச்சரம்மாவோடும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாமாம். கூடத்திலிருந்து கூப்பிடுகிறாள், மச்சான், போகிறேன்: "கேண்டீன்ல தனியா அழுதது போதும், வாங்க, சேர்ந்து அழலாம்."