காலி டின் ஏற்பு மையம்

பொதுமக்கள் நலனைக் கருத்தில் கொண்டு எங்கள் நகராட்சி ஒரு நல்ல காரியம் செய்தது. தள்ளுவண்டி அடுப்பில் மாட்டும் சின்ன கேஸ் டின்களை இனிமேல் குப்பையில் போடக் கூடாது, 'காலி டின் ஏற்பு மைய'த்தில்தான் ஒப்படைக்க வேண்டும், மீறினால் கடைக்கு சீல் என்று அறிவித்தது. நியாயமான உத்தரவுதான். தீர்ந்துபோன டின்னிலும் கொஞ்சம் கேஸ் தங்கியிருக்கும். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

சூப்புக்கடை அக்கா உத்தரவை மதிக்கிறவள். அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. ஒற்றை அறை வீட்டில், கட்டிலுக்கு அடியில் காலி டின்கள் சேர்ந்துகொண்டே போயின. கணவர் தூக்கத்தில் புரண்டு படுக்கவே பயந்தார்.

"ஒண்ணு டின் போகணும், இல்லே நான் போகணும்" என்றார் அவர்.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, டின்களையே மூட்டை கட்டினாள்.

அந்த வருஷம் பசுமைதான் நாகரிகம். மையத்து அதிகாரி பச்சைக் கோட்டு, பச்சைப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"காலி டின்தானேம்மா?"

"காலிதாங்க சார்."

"எப்படித் தெரியும்?"

"அடுப்புல மாட்டினா எரியலை."

"மாட்டிக் காட்டுங்க."

அக்கா பையிலிருந்து அடுப்பை எடுத்தாள். அதிகாரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஐயையோ! ஆபீசுக்குள்ள நெருப்பு கூடாதும்மா!"

"அப்போ வெளியில வாங்க, காட்டறேன்."

"வெளியில நடக்கறது எதுவும் என் பார்வைக்கு வராது. பேசாம ஓட்டை போட்டு எடுத்துட்டு வாங்க. சந்தேகத்துக்கே இடமிருக்காது."

அக்கா பட்டறைக்காரர் காலைப் பிடித்து, திறந்தவெளியில் வைத்து ஒவ்வொன்றாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அதிகாரி ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இதுல கேஸே இல்லையே?"

"அதான் சார் காலி!"

"கேஸ் இல்லாதது எப்படிம்மா கேஸ் டின் ஆகும்? இது பழைய இரும்பு. எதிர் அறைக்குப் போங்க."

எதிர் அறை அதிகாரியும் பச்சைக் கோட்டில்தான் இருந்தார். "மேல 'எரிவாயு, அபாயம்'னு எழுதியிருக்கே, இதைப் போய் இரும்புங்கறீங்களே" என்று திருப்பி அனுப்பினார். அக்கா உப்புத்தாள் வாங்கி, கை கொப்பளிக்க எழுத்துகளைத் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி போனாள்.

"எழுத்தே இல்லாத உருளை. என்ன பொருள்னே தெரியலையே!"

"சார், நேத்து நீங்கதானே..."

அதற்குள் அவர் அபாயச் சங்கை அழுத்திவிட்டார். கட்டடமே காலியானது. வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். அவர்களுடைய நாய் மூட்டையை முகர்ந்து பார்த்தது. சூப் வாசனை பிடித்துப்போக, அக்காவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. மறுநாள் பத்திரிகையில் 'அதிகாரிகள் விழிப்பால் பேராபத்து தவிர்ப்பு' என்று செய்தி வந்தது. சங்கை அழுத்தியவருக்குப் பதக்கம் கிடைத்தது. அக்காவுக்கு மூட்டை கிடைத்தது.

இப்படியிருக்க, பசுமை நகரங்களுக்குப் பரிசு கொடுக்கும் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. சேகரித்த டின்களை நேரில் பார்வையிடுவார்களாம். மையத்திலோ ஒரு டின்கூட இல்லை. இதுநாள்வரை வந்த எந்த டின்னும் தகுதி பெறவில்லை. பச்சைக் கோட்டு நனைய, வியர்க்க விறுவிறுக்க, ஓட்டை போடச் சொன்ன அதே அதிகாரி சூப்புக்கடைக்கு ஓடி வந்தார்.

"அக்கா, அந்த மூட்டை இருக்கா?"

"அதை அலங்காரக் கடைக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரே சார். ஓட்டை வழியா வெளிச்சம் வர மாதிரி தொங்குவிளக்கு பண்ணிட்டாராம். உங்க ஆணையர் வீட்டு வரவேற்பறையிலகூட ஒண்ணு தொங்குதாம். வர்றவங்கல்லாம் அசந்து போறாங்களாம்."

அதிகாரி அசந்து போகவில்லை. அவசர நிதியில் ஒரு லாரி நிறையப் புது டின் வரவழைத்தார். ஆனால் எல்லாம் நிரம்பிய டின். முற்றத்தில் வைத்துத் திறந்துவிட்டால் காலியாகிவிடும் என்பது அவர் திட்டம்.

"பொறி பட்டா தெருவே போயிடும் சார்!" அக்கா தலையில் கைவைத்தாள். "எங்கிட்ட குடுங்க. சூப் வெச்சே காலி பண்ணித் தரேன்."

அன்று முதல் அடுப்பு அணையவே இல்லை. கொதித்த சூப்பை யாராவது குடித்தாக வேண்டுமே? அரசுப் பணிக்கு ஒத்துழைப்பதாக நினைத்து நாங்கள் குடித்தோம். இலவசம் என்பதால் தூக்குப் பாத்திரத்தோடு போய் ஒத்துழைத்தோம். தீர்ந்த டின்கள் மையத்தில் மலையாகக் குவிந்தன. காலிதானா என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் பரிசு எங்களுக்கே. அடுத்த வருஷம் இரண்டு லாரி டின் என்று இலக்கு வைத்தார்கள்.

ஒருநாள் வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் மட்டும் இழுத்தார். "காலி டின்னை ஒழிக்கத்தானே மையம் வெச்சாங்க? இப்போ காலி டின் வேணும்னே டின் வாங்கறாங்களே?"

வரிசை முழுவதும் அவரை முறைத்தது.

"சார், உங்களுக்கு சூப் வேணுமா, வேணாமா?"

வாத்தியார் யோசித்தார். "மிளகு கொஞ்சம் தூக்கலா" என்று கையை நீட்டினார்.

குடித்து முடித்துக் காகிதக் கோப்பையை எங்கே போடுவது என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தபோது, நான்தான் பக்கத்துச் சாக்கடையைக் காட்டினேன். நாங்கள் எல்லோரும் அங்கேதான் போட்டிருந்தோம்.